அயலார் துணை: கேரளத்தில் நோய்த்தணிப்புத் தொண்டர் பயிற்சியின் வரலாறு

தீர்க்க முடியாத நோயால் துன்புறும் ஒருவரின் வலியையும், மூச்சுத்திணறல், புண், தூக்கமின்மை போன்ற பிற தொல்லைகளையும் குறைத்து, அவரும் அவர் குடும்பத்தாரும் எஞ்சிய காலத்தை இயன்ற அளவு அமைதியாகக் கழிக்க உதவும் பணி நோய்த்தணிப்புப் பராமரிப்பு எனப்படும். தமிழ்நாட்டு அரசின் திட்டங்களில் இது நோய் ஆதரவு சிகிச்சை என்ற பெயரில் வழங்குகிறது. கேரளத்தில் சாந்த்வன பரிசரணம் என்பார்கள். ஆனாலும் அங்கே பேச்சுவழக்கில் ‘பாலியேட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லே எல்லோருக்கும் புரியும். ஒரு மருத்துவக் கலைச்சொல் தேநீர்க்கடைப் பேச்சில் புழங்கும் அளவுக்குப் பரவியது வியப்புக்குரியது. ஊர் மக்களையே தொண்டர்களாகப் பயிற்றுவித்து, நோயாளியின் வீட்டுக்கு அனுப்பிய ஒரு முயற்சியால் அது நடந்தது. வட கேரளத்தில், கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் தொடங்கிய அந்த முயற்சியின் வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

முன்னோடிகள்

இறக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கான இல்லத்தை ஆங்கிலத்தில் ஹாஸ்பிஸ் என்பர். இதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு விருந்தினர், விருந்தோம்புபவர் என்ற இரு பொருளும் உண்டு. வழிப்போக்கருக்கும் நோயாளிக்கும் இடம் கொடுத்த இடைக்கால ஐரோப்பிய மடங்கள் இப்பெயரால் வழங்கின. சாகும் நிலையில் இருப்பவர்களுக்கென்றே தனி இல்லங்கள் அமைந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பிரான்சின் லியோன் நகரில் 1842-ல் ஜான் கார்னியே என்ற பெண்மணி ஏற்படுத்தியதும், அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1879-ல் கன்னியர் தொடங்கியதும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

இன்றைய வடிவிலான பராமரிப்பு இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் (1918–2005) என்பவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் முதலில் செவிலியர். முதுகுவலியால் அப்பணியைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். அப்போது டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத நோயாளியோடு ஏற்பட்ட நட்பு அவர் வாழ்வைத் திருப்பியது. 1948-ல் இறந்த டாஸ்மா, சாண்டர்ஸ் எண்ணியிருந்த இல்லத்துக்காக 500 பவுண்டு விட்டுச் சென்றார். அதன் பிறகு அவர் லண்டனில் உள்ள செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் சில ஆண்டுகள் தொண்டராக வேலை செய்தார். பின்னர் மருத்துவம் படித்து 1957-ல் மருத்துவர் ஆனார். 1967-ல் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நவீன நோய்த்தணிப்பின் முன்னோடி இத்துறைக்குள் நுழைந்த வழி தொண்டர் வேலை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலும் தொடக்கம் முதலே தொண்டர்கள் இருந்தனர். அமெரிக்காவில் இது சட்டத்திலேயே இடம் பெற்றது. முதியோர் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் மூலம் பணம் பெறும் ஹாஸ்பிஸ் ஒவ்வொன்றும், நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் 5 விழுக்காட்டுக்கு ஈடான அளவையாவது தொண்டர்களைக் கொண்டு செய்ய வேண்டும் என்பது 1980-களில் வந்த விதி. ஆனால் அங்கெல்லாம் தொண்டர் என்பவர் ஓர் அமைப்புக்கு உதவியாளர். அமைப்பை நடத்துவது மருத்துவர்களும் செவிலியர்களும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தது கேரளம்.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பையில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேதனா சதன். படுக்கைகள் கொண்ட அத்தகைய இல்லம் பெருநகரத்துக்கு ஏற்றது. நாட்டின் பெரும்பாலான நோயாளிகளோ சிற்றூர்களில், தம் வீட்டிலேயே, வீட்டாரின் கையிலேயே இறக்கிறார்கள். அவர்களுக்கு இல்லம் கட்டி முடியாது.

கோழிக்கோடு, 1993

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்துத் துறையில் பணியாற்றியவர்கள் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ் குமாரும். வலியைப் போக்குவது மயக்க மருந்து வல்லுநரின் தொழில் என்பதால் அவர்கள் முதலில் வலியில்தான் கவனம் செலுத்தினார்கள்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை ராஜகோபால் பலமுறை சொல்லியும் எழுதியும் இருக்கிறார். முகத்தில் பொறுக்க முடியாத வலியோடு ஒரு கல்லூரிப் பேராசிரியர் அவரிடம் வந்தார். புற்றுநோய் முற்றியிருந்தது. ராஜகோபால் நரம்பைத் தடுக்கும் ஊசி போட்டார்; வலி நின்றது. மறுபடி எப்போது வரவேண்டும் என்று நோயாளி கேட்டார். வலி போய்விட்டதால் இனி வரத் தேவையில்லை என்று மருத்துவர் பதில் சொன்னார். தம் நோய் தீராதது என்பது அந்த மனிதருக்கு அதுவரை தெரியாது. வீடு திரும்பிய அவர் அன்றே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊசி பலித்தது, மனிதர் இல்லை. வலி என்பது நரம்பில் மட்டும் இருப்பதன்று என்று சாண்டர்ஸ் சொல்லிவந்ததன் பொருளை அந்த நாளில்தான் தாம் உணர்ந்ததாக ராஜகோபால் குறிப்பிடுகிறார். பிற்காலத் தொண்டர் பயிற்சியில் மருந்தைவிடப் பேச்சுக்கு அதிக நேரம் ஒதுக்கப்பட்டதன் காரணத்தை இந்த நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

1993-ல் இவ்விருவரும் மருத்துவர் அல்லாத நண்பர்கள் சிலரும் சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தைப் பதிவு செய்தனர். மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறிய இடத்தில் புறநோயாளிப் பிரிவு நடந்தது. சங்கத்தில் மருத்துவர் அல்லாதவர்களும் முதல் நாளிலிருந்தே இருந்தது முக்கியம். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது, விவரம் எழுதிக்கொள்வது, மருந்து எப்போது எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று விளக்குவது எல்லாம் அவர்கள் வேலை. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் தம் கதையை முழுதாகச் சொல்லக் கிடைத்த ஒரே ஆள் பெரும்பாலும் அந்தத் தொண்டர்தான்.

மார்பின் என்ற தடை

நோய்த்தணிப்பு பற்றிய எந்த விழிப்புணர்வும் மருந்து இல்லாமல் வெறும் பேச்சாகிவிடும். கடும் புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்பின் எளிய, மலிவான மருந்து. உலகச் சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட படிமுறை வழிகாட்டியில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. மார்பின் எடுக்கப்படும் அபினை இந்தியா சட்டப்படி விளைவித்து ஏற்றுமதியும் செய்கிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருத்துவமனைகளையும் மருந்துக் கடைகளையும் அச்சுறுத்தியது. ஒரு சிறு தவறுக்கும் பல ஆண்டு சிறைத் தண்டனை. நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் 1985-ல் 573 கிலோவாக இருந்தது, 1997-ல் 18 கிலோவாகச் சுருங்கியது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 18 கிலோ! விளைவிக்கும் நாட்டிலேயே நோயாளிக்கு மருந்து இல்லை.

மார்பின் கொடுத்தால் மக்கள் அடிமையாவார்கள், திருட்டுத்தனமாக வெளியே போகும் என்ற அச்சம் மருத்துவர்களிடமே இருந்தது. கோழிக்கோட்டுக் குழு இதற்குக் கணக்கோடு பதில் சொன்னது. இரண்டு ஆண்டுகளில் வாய்வழி மார்பின் பெற்ற 1,723 நோயாளிகளின் விவரத்தை ஆராய்ந்து, மருந்து தவறான வழிக்குப் போனதாக ஒரு நிகழ்வுகூட இல்லை என்று 2001-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் மருந்தை வீட்டில் வைத்துச் சாப்பிட்டவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1998-ல் மத்திய அரசு எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியபோது அவற்றை முதலில் ஏற்ற சில மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. நாடு முழுவதற்குமான சட்டத் திருத்தம் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலப்புறத்து வீடுகள்

கோழிக்கோட்டுப் பிரிவுக்கு வட கேரளம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். பேருந்தில் பல மணி நேரம் பயணம். நோய் முற்ற முற்ற அவர்களால் வர முடியாமல் போயிற்று. அதாவது, உதவி மிகவும் தேவைப்பட்ட கடைசி வாரங்களில்தான் உதவி அறுந்தது. மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர், மஞ்சேரி போன்ற ஊர்களில் கிளை மருந்தகங்கள் திறந்து பார்த்தார்கள். நிலைமை ஓரளவு சீரானது. ஆனால் அங்கும் மருத்துவர் வரும் நாள் மட்டுமே சிகிச்சை. மற்ற நாட்களில் நோயாளிக்குச் சோறு உண்டா, படுக்கை விரிப்பு மாற்ற ஆள் உண்டா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்க யாரும் இல்லை.

தீராத நோய் என்பது மருத்துவச் சிக்கலும் கொண்ட ஒரு சமூகச் சிக்கல் என்று சுரேஷ் குமாரும் அவர் குழுவினரும் எண்ணத் தொடங்கியது இங்கேதான். அப்படியானால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதும் ஊர். 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மலப்புறத்தில் சோதனையாகத் தொடங்கி, அண்டை அயலார் நோய்த்தணிப்பு வலையமைப்பு என்ற அமைப்பு உருவானது.

அந்த மண் இதற்குப் பதப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் அறிவிக்கப்பட்டபோது, அந்த அறிவிப்பைச் செய்தவர் மலப்புறத்தைச் சேர்ந்த, முதிய வயதில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா. எழுத்தறிவு இயக்கத்தில் மாலை நேரத்தில் திண்ணையில் பாடம் நடத்திய பழக்கம் பலருக்கு இருந்தது. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஊராட்சிகளுக்குப் பணமும் அதிகாரமும் கொடுத்தது. மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ 1998-ல் மலப்புறத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அடிப்படை அலகுக்கு ‘அயல்கூட்டம்’ என்று பெயர். ‘அயல்’ என்ற சொல் தமிழுக்கும் உரியதே. வளைகுடா நாடுகளில் உழைப்பவர்கள் அனுப்பும் பணமும், தானத்தைக் கடமையாகக் கருதும் மரபும் இதற்குத் துணை நின்றன. இவை எதுவும் இல்லாத ஓர் ஊரில் இதே திட்டத்தை அப்படியே நட்டுவைத்து, முளைக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை.

பயிற்சி எப்படி நடந்தது

முதல் படி, ஊரில் ஒரு கூட்டம். வாசகசாலையிலோ பள்ளி வகுப்பறையிலோ மதரசாவிலோ கூடுவார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் நிலையை ஒருவர் எடுத்துச் சொல்வார். உரை முடிந்ததும் நீண்ட வேண்டுகோள் எதுவும் இல்லை. வாரத்தில் குறைந்தது 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம் என்பதோடு சரி. இந்த 2 மணி நேரக் கணக்கு சிறு விஷயமாகத் தோன்றினாலும் புத்திசாலித்தனமானது. முழு வாழ்வையும் அர்ப்பணிக்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். வாரம் 2 மணி நேரம் என்றால் கடைக்காரரும், ஆட்டோ ஓட்டுநரும், இல்லத்தரசியும், ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் வரலாம். வந்தார்கள்.

பெயர் கொடுத்தவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு. விடுமுறை நாட்களில் பிரித்து நடத்தினார்கள். அதன் பிறகு அனுபவமுள்ள குழுவோடு 4 நாள் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். இதை நுழைவுப் பயிற்சி என்று கருதினார்கள். முடித்தவர்கள் ஓர் ஊராட்சிக்கு 10 முதல் 15 பேர் கொண்ட குழுவாக இயங்க ஊக்குவிக்கப்பட்டனர். மேற்கொண்டு கற்க விரும்பியவர்களுக்கு அடுத்த நிலைப் பயிற்சிகளும் இருந்தன.

16 மணி நேரத்தில் என்ன கற்றுத்தர முடியும்? உடல் பராமரிப்பு ஒரு பகுதி. நினைவோடு கிடப்பவரையும் நினைவற்றவரையும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது. படுக்கைப் புண் வரும் இடங்களான இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை ஆகியவற்றை எப்படித் தினமும் பார்ப்பது. வாயை எப்படிச் சுத்தம் செய்வது. சிறுநீர்க் குழாய் பொருத்தியவரின் பையை எப்படிக் கையாள்வது. அழுகிய புற்றுப்புண்ணின் நாற்றத்தால் வீட்டாரே அறைக்குள் வரத் தயங்குவார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் அந்த நாற்றம் பெரிதும் குறையும் என்பது பல வீடுகளின் கதவைத் திறந்துவிட்ட எளிய அறிவு. மருத்துவரோ செவிலியரோ அதைப் பரிந்துரைத்த பிறகு, நாள்தோறும் செய்வதற்கு வீட்டாருக்குத் துணை நிற்பது தொண்டரின் வேலை.

பயிற்சியின் பெரும் பகுதி பேச்சுக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், கேட்பதற்கு. நோயாளியின் வீட்டுக்குள் நுழையும் நல்ல மனிதர் பொதுவாகச் செய்யும் தவறுகளை வகுப்பில் நடித்துக் காட்டினார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் மகன், ஒருவர் தொண்டர். தொண்டர் வந்ததும் ‘எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்’ என்பார். நோயாளியாக நடிப்பவரை உடனே கேட்பார்கள்: இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றியது? ‘இவரிடம் இனி எதையும் சொல்ல முடியாது என்று தோன்றியது’ என்பது போன்ற பதில் வரும். பொய் ஆறுதல் பேச்சை அடைக்கிறது என்பதை விரிவுரையால் புரியவைப்பது கடினம். நடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிகிறது. அறிவுரை சொல்வது, இறைவன் சோதிக்கிறான் என்பது, தம் உறவினருக்கு வந்த நோயின் கதையைச் சொல்வது, நோயாளி அழும்போது அவசரமாகத் தண்ணீர் கொடுத்து அழுகையை நிறுத்துவது ஆகிய எல்லாமே இப்படி ஆராயப்பட்டன. மௌனமாக உட்கார்ந்திருப்பதும் ஒரு திறமை என்று கற்பித்தார்கள். பள்ளிக்கூட வகுப்பில் ஆண்டுக்கணக்கில் பேசியே பழகிய ஆசிரியர்களுக்கு இது எல்லோரையும்விடக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

மிகக் கடினமான பாடம் வேறு. ‘அவருக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்’ என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டுக்கொள்ளும் குடும்பத்தை எப்படி எதிர்கொள்வது? உள்ளே நோயாளியோ, ‘எனக்கு என்ன என்று தெரியும், மனைவி தாங்கமாட்டாள், அவளிடம் சொல்லாதீர்கள்’ என்பார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே தனித்தனியாக வாடுவார்கள். பயிற்சியின் விடை இதுதான்: பொய் சொல்லாதே, கேட்காத உண்மையைத் திணிக்காதே, நோயாளிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவர் பேச்சிலிருந்தே அறிந்துகொள். குடும்பத்தாரின் அச்சத்தையும் பழிக்காமல் கேள். நோயின் நிலையை விளக்குவது மருத்துவரின் பொறுப்பு. அந்த உரையாடலுக்கு வீட்டைத் தயார் செய்வது தொண்டரால் முடியும்.

தொண்டர் எதைச் செய்யக்கூடாது என்பதும் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. மருந்தின் அளவை மாற்றக்கூடாது. மாற்று மருத்துவம் எதையும் பரிந்துரைக்கக்கூடாது. நோயாளி சொன்னதை வெளியே பேசக்கூடாது. மதத்தையோ கட்சியையோ வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. கேரளத்தில் எந்த வேலையிலும் கட்சி நுழைந்துவிடும் என்பது எல்லோரும் அறிந்ததே. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே குழுவில் சேர்ந்து ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தது இந்த இயக்கத்தின் சிறிய வெற்றி அன்று.

மருத்துவர்களிடையே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 16 மணி நேரம் படித்தவரை நோயாளியிடம் அனுப்புவது ஆபத்து என்றார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் வலையமைப்பு தொண்டரைத் தனியே விடவில்லை. தொண்டர் குழு நோயாளியைக் கண்டறிந்து பதிவு செய்யும். பயிற்சி பெற்ற செவிலியர் வண்டியில் வீடு வீடாகச் செல்வார், உடன் தொண்டர் ஒருவர். தேவையானபோது மருத்துவர் வருவார். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் ஊரார் இருந்தார்கள். எந்த வீட்டுக்கு அரிசி, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, நீர்ப்படுக்கை யாருக்கு முதலில் என்பதெல்லாம் அவர்கள் தீர்மானம்.

ஊருக்குச் சொல்வது

விழிப்புணர்வு என்றவுடன் பேரணியும் பதாகையும் நினைவுக்கு வருகின்றன. கேரளத்தில் அவையும் நடந்தன. ஆனால் ஊருக்குள் செய்தி பரவியது முக்கியமாக இரண்டு வழிகளில். ஒன்று, தொண்டரே செய்தியாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இரவெல்லாம் அலறிக்கொண்டிருந்தது நின்றுபோனால் தெருவே கேட்கும், என்ன செய்தீர்கள் என்று. மற்றொன்று, சில்லறைக் காசு. செலவுக்கான பணத்தின் பெரும் பகுதியை ஊரிலேயே சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். கடை மேசையில் உண்டியல் இருக்கும். ஒரு ரூபாய் போட்டவருக்கும் இது தம்முடைய வேலை என்ற எண்ணம் வந்தது. பெரிய கொடையாளர் ஒருவரே முழுத் தொகையையும் கொடுத்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும், ஊர் ஒதுங்கிக்கொண்டிருக்கும்.

சனவரி 15 கேரளத்தில் நோய்த்தணிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளி, கல்லூரி மாணவர்களும் உண்டியலோடும் துண்டறிக்கையோடும் இறங்குகிறார்கள். உலக அளவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இதற்கான நாள். 2005 முதல் அது கொண்டாடப்படுகிறது. கல்லூரிகளில் மாணவர் குழுக்கள் தனியே பயிற்சி பெற்றன. விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளைஞர்கள் பலருக்கு முதல் நண்பர்களாக வந்தவர்கள் இந்த மாணவர்கள்.

இந்த இடத்தில் இயக்கத்தின் எல்லையும் விரிந்தது. புற்றுநோயாளியைத் தேடிச் சென்ற தொண்டர்கள், அதே தெருவில் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரையும், பக்கவாதத்தால் ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பவரையும், பார்க்க ஆளில்லாத முதியவரையும் கண்டார்கள். உங்களுக்குப் புற்றுநோய் இல்லை, ஆகவே வரமாட்டோம் என்று ஓர் அயலாரால் சொல்ல முடியாது. மருத்துவமனைக்கு அது முடியும். ஆக, நோய்த்தணிப்பு என்பதற்குக் கேரளத்தில் ஏற்பட்ட விரிந்த பொருள் பெரும்பாலும் தொண்டர்கள் கொடுத்தது. நடக்க முடியாதவர்கள் குடை செய்யவும் காகிதப் பேனா செய்யவும் கற்று, சிறு வருமானம் பெற்றதும் இதன் தொடர்ச்சி.

அரசின் கொள்கை, 2008

2003-ல் கோழிக்கோட்டில் நோய்த்தணிப்பு மருத்துவக் கழகம் பயிற்சிக்கும் ஆய்வுக்குமான மையமாக உருவானது. அதே ஆண்டு ராஜகோபால் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கி, கேரளத்துக்கு வெளியே இப்பணியைக் கொண்டுசெல்ல முனைந்தார்.

2008 ஏப்ரலில் கேரள அரசு நோய்த்தணிப்புக் கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது அதுவே முதல் முறை. மக்கள் தொடங்கிய பணியை அடித்தளமாக ஏற்று, வீட்டுப் பராமரிப்பை ஊராட்சிகளின் பொறுப்பாக்கியது அது. ஊராட்சி நிதியிலிருந்து செவிலியர் அமர்த்தப்பட்டார். வண்டியும் மருந்தும் வந்தன. பிரிட்டனைச் சேர்ந்த எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 2010-ல் 40 நாடுகளின் இறுதிக்காலப் பராமரிப்பை ஒப்பிட்டபோது இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. அதே அறிக்கை, இந்திய மக்கள்தொகையில் 3 விழுக்காடு மட்டுமே கொண்ட கேரளம் நாட்டின் நோய்த்தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை வழங்குவதாகக் குறிப்பிட்டது. கோழிக்கோட்டுக் கழகம் அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாக ஏற்கப்பட்டது.

தீராத கேள்விகள்

அரசு வந்தபின் தொண்டரின் நிலை மாறியது. முன்பு நோயாளியின் வீட்டுக்கு வண்டி போக வேண்டுமானால் ஊரார் பணம் திரட்ட வேண்டும், ஆளைத் தேட வேண்டும், வழி காட்ட வேண்டும். இப்போது ஊராட்சிச் செவிலியர் தம் அட்டவணைப்படி வருகிறார். சேவை உறுதியானது, அதுவே பெரிய நன்மை. ஆனால் சில இடங்களில் தொண்டர் குழு நிதி திரட்டும் குழுவாகச் சுருங்கியது. ஒரே வீட்டுக்கு அரசுக் குழு ஒரு நாளும் தொண்டர் அமைப்பு மறு நாளும் செல்ல, அடுத்த தெருவுக்கு யாரும் போகாத நிலையும் ஏற்படுவதுண்டு. 2019-ல் கொள்கை திருத்தி அமைக்கப்பட்டபோது இத்தகைய ஒருங்கிணைப்பு பேசப்பட்டது.

பயிற்சியின் தரம் இன்னொரு கவலை. எண்ணிக்கை பெருகும்போது 16 மணி நேரம் அரை நாள் வகுப்பாகக் குறுக்கப்படும் ஆபத்து எப்போதும் உண்டு. அப்போது முதலில் உதிர்வது நடித்துப் பார்க்கும் பகுதிதான். வீட்டுப் பார்வையும் சடங்காகிவிடக்கூடும். ஐந்தாறு பேர் திரளாக வந்து, நின்றபடியே நலம் விசாரித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது நோயாளிக்கு ஆறுதல் தராது. தொண்டர் தம்மைக் கொடையாளராகவும் நோயாளியைக் கை நீட்டுபவராகவும் எண்ணத் தொடங்கும்போது இந்த நிலை வருகிறது. வலியின்றி இருப்பது நோயாளியின் உரிமை, யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதன்று என்ற கருத்தைப் பயிற்சிக்குள் கொண்டுவர இத்துறையினர் பலர் வலியுறுத்தி வருகின்றனர்.

பெண்களின் நேரமும் கணக்கில் வர வேண்டியது. கூட்டத்தில் பெயர் கொடுத்தவர்களில் ஆண்களும் பெண்களும் உண்டு. ஆனால் வீட்டில் இரவும் பகலும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் மனைவி, மகள், மருமகள் ஆகியோரில் ஒருவராகவே பெரும்பாலும் இருக்கிறார். அவருக்கு வாரம் 2 மணி நேரம் என்ற எல்லை கிடையாது. ஆகவே நல்ல தொண்டர் நோயாளியிடம் பேசி முடித்ததும் அடுக்களைப் பக்கம் போய், ‘நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?’ என்று கேட்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. தொண்டர் ஒரு பிற்பகல் நோயாளியோடு இருந்தால், அந்தப் பெண் வங்கிக்கோ, தம் மருத்துவரிடமோ, தாய்வீட்டுக்கோ போய்வர முடியும். பல வீடுகளில் மருந்துக்கு அடுத்தபடி கேட்கப்படும் உதவி இந்தப் பிற்பகல்தான்.